மாசி பிறக்கும் முன்: திண்டுக்கல் மாவட்ட ஆட்சியருக்கும் கொடைக்கானல் மாவட்ட வன அலுவலருக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர், வணக்கம்.

கீழ்ப்பழனி மலையில் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் சிறு விவசாயி எழுதும் மடல் இது. தை மாதம் வந்தால் இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் சில்வர் ஓக் சருகும், வேலியோரம் வெட்டிய உண்ணிச்செடியும் குவிந்து கிடக்கும். அவற்றை எரிப்பவர்கள் நாங்கள்தான். காட்டில் தீ வைக்காதீர் என்று ஒவ்வொரு கோடையிலும் அறிவிக்கிறீர்கள், அது வேண்டியதுதான். ஆனால் காட்டை ஒட்டிய பட்டா நிலத்தில் எப்போது, எப்படி எரிக்கலாம் என்பதை எவரும் சொல்வதில்லை. அதனால் வழக்குக்கு அஞ்சுகிறவர் இருட்டிய பிறகு தனியாக எரிக்கிறார். தீ கைமீறினால் யாரையும் கூப்பிடாமல் நழுவிவிடுகிறார்.

நானும் அப்படி எரித்தவன்தான். ஒரு மாசியில் சாம்பல் ஆறிவிட்டது என்று நம்பி வீடு திரும்பினேன். மண்ணுக்குள் புதைந்திருந்த பழைய அடிக்கட்டையின் வேரில் கங்கு தங்கியிருந்து, மறுநாள் வெயிலேறிக் காற்று சரிவில் மேல்நோக்கி வீசத் தொடங்கியதும் புல்லைப் பற்றியது. பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் பச்சைத் தழையால் அடித்தும், மருந்தடிக்கும் தெளிப்பானில் நீர் பீய்ச்சியும் அணைத்தபோது, சோலைக்காட்டுக்கு 40 அடிகூட மிச்சமில்லை. அன்றிலிருந்து சாம்பலைக் கிளறி நீரூற்றி, புறங்கையை வைத்துப் பார்த்து, சூடு அறவே இல்லை என்று தெரிந்த பிறகுதான் இடத்தைவிட்டு நகர்கிறேன்.

காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ மனிதனைவிட வேகமாக ஏறும் என்பதைத் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலைத்தீ 2018 மார்ச் 11 அன்று காட்டியது. மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோரை இழந்தோம். 2024 மார்ச்சில் குன்னூர் அருகே பற்றிய தீக்குச் சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டரே வந்து நீர் ஊற்ற வேண்டியிருந்தது.

காப்புக்காட்டுக்கு ஆபத்தாகும்படி தீ மூட்டுவதைக் குற்றமாக்கும் 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தைத் தளர்த்துமாறு நான் கேட்கவில்லை. தை முடியும்வரை, எரிக்க விரும்புவோர் முதல்நாளே ஊராட்சி அலுவலகத்தில் பதிந்து, வனத்துறைக் காவலர் ஒருவர் முன்னிலையில், குவியலைச் சுற்றி மண் தெரியும்வரை செதுக்கி, காற்று எழும் முன் காலையிலேயே சிறு சிறு குவியலாக எரித்து முடிக்க வழி செய்யுங்கள். மாசி முதல் கோடைமழை நன்றாக இறங்கும்வரை முழுத் தடை இருக்கட்டும். செயற்கைக்கோள் எச்சரிக்கை தீ மூண்ட பிறகே உங்களுக்கு வருகிறது. பதிவேடு இருந்தால், வரைபடத்தில் தெரியும் புள்ளி விவசாயி அறிவித்து மூட்டியதா, காவலர் ஓட வேண்டியதா என்பது உடனே விளங்கும். தன் தீ மீறியதும் தானே தகவல் சொல்பவரிடம், ஆட்களை அனுப்பிய பிறகு விசாரணையை வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பிக் கவாத்துக் கழிவு, அதாவது செடியிலிருந்து வெட்டி நீக்கும் கிளை, பெரும்பாலும் மாசி, பங்குனியில்தான் விழுகிறது. அதை எரிக்க எங்களுக்கு அனுமதி தரவே வேண்டாம். ஊராட்சிக்கு ஒன்றாகக் கழிவைத் தூளாக்கும் இயந்திரத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்தால், செடியடியில் அதையே மூடாக்காகப் போட்டுவிடுவோம். மலைப்பாதையில் ஏற்றிவரும் செலவே எங்களுக்குப் பெரிது என்பதால், இயந்திரம் ஊருக்குள்ளேயே நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்பழனி மலையின் காப்பி விவசாயி ஒருவர்