பாண் சுடும் போறணை மறுபடியும் எரிகிறது: எல்லோருக்கும் நன்றி

திருகோணமலை உறவுகளுக்கு வணக்கம்.

அப்பா பேச்சும் நடையும் இல்லாமல் விழுந்த நாளிலிருந்து எங்கள் பேக்கரி பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இந்தக் கிழமையிலிருந்து பாண் வழமைபோல விடியவே கடைகளுக்குப் போகிறது, திருக்கடலூர்ப் பக்கமும் சேர்த்து. அதற்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் ஓட்டோ நானாவுக்கு. பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், சரி.

பேக்கரியை நான் எடுத்து நடத்துவது என்று முடிவானதும், இனி ஐயா வீட்டில் ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானா மட்டும் வாசலில் நின்று கேட்டார்: "தங்கச்சி, முதலாளிய வீட்ட வெச்சிட்டு நீங்க போறணைய மூட்டினா அவருக்கு எப்படி இருக்கும்? நான் கூட்டிட்டு வாறன்."

அன்றிலிருந்து விடியப்புறம் மூன்று மணிக்கு வந்து நிற்கிறார். அப்பாவைத் தூக்கி ஓட்டோவில் இருத்தி, கொண்டுவந்து போறணைக்கு முன்னால் கதிரையில் விடுகிறார். கூலியாக ஒரு சதம் வாங்குவதில்லை.

விறகு எரிந்து தணலை வாரியெடுத்து, ஈரச்சாக்கால் தளத்தைத் துடைத்தவுடன் அப்பா இடது கையை நீட்டுவார். ஒரு பிடி மாவை அந்தக் கையில் வைப்போம். அதைத் தளத்தில் வீசிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். மா உடனே கருகினால் சூடு கூட, பொறுக்கவேண்டும். மெல்ல மெல்லப் பொன்னிறமானால் தலையை ஆட்டுவார். பாண் உள்ளே போகும். 2022 இல் காஸ் இல்லாமல் ஊரே வரிசையில் நின்றபோதும் எங்களைக் காப்பாற்றியது இந்த விறகுப் போறணைதான். அதன் சூடு அப்பாவின் கண்ணில் இருக்கிறது. நானா கூட்டிவராவிட்டால், பேச்சு வராத மனிதரிடமிருந்து அதை நான் எப்படிப் படித்திருப்பேன்?

பேக்கரியை என் பெயருக்கு மாற்றி நொத்தாரிசிடம் கையெழுத்து வைக்க ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது. தொழில் இப்போதுதான், ஒவ்வொரு விடியலாக, என் கைக்கு வந்துகொண்டிருக்கிறது. அப்பாவின் முகத்திலும் பழைய களை திரும்பியிருக்கிறது. எனக்கு அதுதான் பெரிது.

காசைப் பிறகு பார்ப்போம் என்று மா மூடைகளை இறக்கிவிட்டுப் போன கடைக்காரருக்கும், சம்பளம் பிந்தியும் வேறிடம் போகாத எங்கள் வேலைக்காரப் பாஸ்மாருக்கும், தங்கள் பங்கை மறுபேச்சில்லாமல் எழுதித்தந்த கனடா அண்ணாமாருக்கும், பாண் இல்லாத நாட்களிலும் வந்து சுகம் விசாரித்த அக்காமாருக்கும், பத்திரகாளி அம்மன் கோவிலில் அப்பாவின் பெயருக்கு அருச்சனை செய்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரு சொல் தருகிறேன். அப்பா உங்களில் யாருக்காவது காசு தரவேண்டியிருந்தால் தயங்காமல் என்னிடம் வாருங்கள். அவருடைய கொப்பி என்னிடம் இருக்கிறது. அதில் எழுதாத கணக்கையும் உங்கள் வாய்ச்சொல்லை நம்பியே தீர்ப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பேக்கரி ஐயாவின் மகள்