பெற்றோர் ஆசிரியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டு விழாவும் விளையாட்டுப் போட்டிகளும் வழக்கம்போல் நடந்தேறின. செயற்குழு ஆறு முறை கூடியது.

மெய்நிகர் தொழில்நுட்பத்தின் வழியே மொழி கற்பிக்கும் திட்டத்துக்கு நிதி தேடுவதிலேயே என் ஆண்டின் பெரும்பகுதி கழிந்தது. கண்களை மூடி அணியும் வி.ஆர். (மெய்நிகர்) கருவியை மாட்டிக்கொள்ளும் பிள்ளை ரயில் நிலையத்தில் நிற்பதாகவே உணர்கிறது. எதிரில் தெரிபவரிடம் புதிய மொழியில் பேசியே ஆகவேண்டும். இரவல் கருவி ஒன்றை வைத்து ஒரு சோதனை வகுப்பு நடத்தினோம். இலக்கணத் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கியும் வகுப்பில் வாய் திறக்காத மாணவி, அன்று டிக்கெட் கேட்டாள். பதில் புரியாமல் மறுபடியும் கேட்டாள். அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இத்தனை அலைந்தேன்.

விளையாட்டுப் பொருளுக்குப் பணம் கேட்கிறேன் என்று சிலர் பேசியது என் காதுக்கும் வந்தது. கருவி வாங்கித் தர ஆள் கிடைத்துவிடும். ஆண்டுதோறும் கட்டவேண்டிய மென்பொருள் சந்தா, ஆசிரியர் பயிற்சி, வகுப்பறை வைஃபை ஆகியவற்றுக்குத்தான் எளிதில் யாரும் தருவதில்லை. நிதி தீர்ந்ததும் கருவிகள் அலமாரிக்குப் போய்விடும். ஆகவே வகுப்பு முழுவதற்கும் கருவி கேட்காமல் ஆறு மட்டும் கேட்டேன். மீதியை மூன்றாண்டுச் சந்தாவுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்கினேன். நெடுநேரம் அணிந்தால் சிலருக்குத் தலைசுற்றும். அதனால் பிள்ளைகள் முறைவைத்துச் சிறிது நேரம் பயன்படுத்த ஆறு போதும். சேவையை நடத்தும் நிறுவனம் அதை நிறுத்திவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நிதி வழங்குவோர் கேட்டனர். நியாயமான கேள்வி. மாணவர்களை மெய்நிகர் சுற்றுலா அழைத்துச் சென்ற தன் எக்ஸ்பெடிஷன்ஸ் செயலியைக் கூகுளே 2021இல் நிறுத்தியது. எந்தக் கருவியிலும் ஓடும் 360 பாகைக் காணொளிகளை (எல்லாத் திசையிலும் திரும்பிப் பார்க்கக்கூடியவை) நாமே தயாரிப்போம் என்று பதில் எழுதினேன்.

அவ்வளவுக்குப் பிறகும் விண்ணப்பம் திரும்பி வந்தது. திட்டத்தில் அவர்கள் குறை சொல்லவில்லை. பொதுக்குழுத் தீர்மானமும் தணிக்கை செய்த கணக்கும் இணைக்கப்படவில்லை என்பதே காரணம். பொதுக்குழுவை இருமுறை கூட்டினேன். இருமுறையும் போதிய உறுப்பினர்கள் வரவில்லை. திட்டத்தில் சங்கத்தின் பங்கு எவ்வளவு என்ற கட்டத்தில் எழுத என்னிடம் தொகையும் இல்லை. 64 உறுப்பினர்களில் 27 பேரின் சந்தா இன்னும் பாக்கி. மூன்று முறை கடிதம் எழுதினேன், வீடு தேடியும் போனேன். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

வரவு செலவு ஏறக்குறைய சமமாகவே உள்ளது. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். தலைமையாசிரியருக்கும், கருவியை இரவல் தந்த நண்பருக்கும், மண்டபத்தைத் திறந்துவிட்ட காவலருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் விண்ணப்பம் அனுப்பலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். படிவத்தை ஏற்கெனவே நிரப்பி வைத்துவிட்டேன். தீர்மான நகலும் சங்கத்தின் பங்குத் தொகையும் எழுதவேண்டிய இரண்டு கட்டங்கள் மட்டும் காலியாக இருக்கின்றன. ரசீதுப் புத்தகத்தை இன்று கையோடு கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்த பிறகும் வாசலருகே இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்