நோன்பு திறக்கும் முன் ஒரு மணி நேரம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

அஸ்ஸலாமு அலைக்கும். தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் சகோதர சகோதரிகள் அனைவரையும் வரவேற்று, 2025ஆம் ஆண்டுக்கான செயல்பாட்டு அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. கூட்டக் குறிப்புகள் பதிவேட்டில் இருக்கின்றன, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். சந்தா, கல்வி உதவி, கூடத்தின் பராமரிப்பு பற்றிப் பொருளாளர் தன் வரவு செலவு அறிக்கையில் சொல்வார். கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்தோம். மறுபடி ஒழுகுகிறது, மறுபடி அடைப்போம்.

இனி, இந்த ஆண்டு சங்கத்தின் நேரத்தையும் என் தூக்கத்தையும் அதிகம் எடுத்துக்கொண்ட விஷயம். ரமலானில் நோன்பு திறப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் நம் சிறு பிள்ளைகளை என்ன செய்வது?

சென்ற பொதுக்குழுவில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பிற்பகல் தொழுகையான அஸருக்கு அப்புறம் ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைக் கூடத்துக்கு அழைத்து வர வேண்டாம் என்று ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டது. முன்மொழிந்த பெரியவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நோன்பாளியின் துஆவுக்கு, அதாவது பிரார்த்தனைக்கு, உரிய நேரத்தில் தூணைச் சுற்றி ஓட்டப்பந்தயம் நடந்தால் யாருக்கும் மனம் ஒருமுகப்படாது. ஆனால் பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்து, "அப்படின்னா நானும் வரலை. பிள்ளையை யார்கிட்ட விட்டுட்டு வர்றது?" என்று கேட்டார். கூட்டம் அமைதியானது. தீர்மானம் அத்தோடு கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கென ஒரு மூலை ஒதுக்குவது, பொறுப்பைச் செயலாளரிடம் விடுவது என்று முடிவானது. செயலாளர் அப்போது தேநீர் ஏற்பாட்டைக் கவனிக்க வெளியே போயிருந்தார்.

முதல் வாரம் தோல்வி. அதை மறைக்காமல் எழுதுகிறேன். நான் ஒரு நிரல் தயாரித்திருந்தேன்: பதினைந்து நிமிடம் கதை, பதினைந்து நிமிடம் வண்ணம் தீட்டல், பிறகு குர்ஆன் சூரா ஒப்பித்தல் போட்டி, கடைசியில் வினாடி வினா, பரிசு. தாளில் அழகாகத்தான் இருந்தது. இரண்டாம் நாளே கதை சொன்னவரின் குரல் அழுகைக்கு அடியில் போய்விட்டது. போட்டியில் பரிசு கிடைக்காத பிள்ளை அழுதது. கிடைத்த பிள்ளை, பரிசை மற்றவர்கள் தொட்டதால் அழுதது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் பேரனோடு வந்திருந்த ஒரு பாட்டி. நான்கு வயதுப் பையன் ஒருவன் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கதை வேண்டாம்ப்பா, பசிக்குது" என்றார். கேட்டுப் பார்த்தால் பாதிப் பிள்ளைகள் மதியத்துக்கு மேல் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் நோன்பு. நாம் சாப்பிடாத நாளில் பிள்ளையின் மாலைத் தீனி நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. பகல் தூக்கமும் தள்ளிப்போகிறது, தராவீஹ் என்ற இரவுத் தொழுகைக்குப் பிறகு படுப்பதால் இரவும் சுருங்குகிறது. பசியும் தூக்கமும் சேர்ந்தால் எந்த நிரலும் நிற்காது.

அன்றிலிருந்து முதல் விதி: நோன்பு வைக்காத பிள்ளை, கூடத்துக்கு வந்ததும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அப்புறம்தான் விளையாட்டு. "நோன்பாளிகளுக்கு முன்னால் சாப்பிட வைப்பது சரியா?" என்று சிலர் தயங்கினார்கள். பருவமடையாத பிள்ளைகளுக்கு நோன்பு கடமையில்லை என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. அடுத்த நாள் அழுகை ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததைப் பார்த்ததும் தயக்கமும் குறைந்தது.

இரண்டாவது பாடம் நம் நூலகத்தில் இருந்தே கிடைத்தது. நபிமொழித் தொகுப்பான ஸஹீஹ் புகாரியில் நோன்பு பற்றிய பகுதியில் சிறுவர்களின் நோன்புக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. அதில் நபித்தோழியரான ருபய்யிஃ பின்த் முஅவ்வித் அவர்கள், முஹர்ரம் பத்தாம் நாளின் ஆஷூரா நோன்பைப் பற்றி அறிவிக்கிறார்கள். பிள்ளைகளையும் நோன்பு நோற்கச் செய்தோம், அவர்களுக்குக் கம்பளியில் விளையாட்டுப் பொருள் செய்து வைத்திருந்தோம், உணவு கேட்டு அழும் பிள்ளைக்கு அதைக் கொடுத்து நோன்பு திறக்கும் நேரம் வரை பராமரித்தோம் என்பது அதன் கருத்து. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் மதீனாவின் தாய்மார்களும் இதே கடைசி மணி நேரத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அவர்கள் கையில் எடுத்தது கம்பளி. நான் எடுத்ததோ வினாடி வினா.

ஆக, உல்லன் நூல் வாங்கினோம். உள்ளங்கை அளவு அட்டை, அதன் ஓரங்களில் சிறு வெட்டுகள், ஒரு நிறத்து நூல். அவ்வளவுதான். பிள்ளை நூலை வெட்டில் மாட்டும், சுற்றும், அட்டையைத் திருப்பும், அடுத்த வெட்டில் மாட்டும். ஐந்து வயதுப் பெண் ஒருத்தி நாக்கை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு, மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்க, இருபது நிமிடம் இதைச் செய்தாள். சுற்றி முடித்த அட்டைக்கு அவளே இரண்டு கண் வரைந்து, ஆட்டுக்குட்டி என்று பெயர் வைத்துக் கூட்டிப்போனாள். பெரிய பிள்ளைகள் நூலைச் சுருட்டி நடுவில் இறுக்கிக் கட்டி, ஓரங்களை வெட்டிப் பஞ்சு உருண்டை செய்தார்கள். கத்தரி பெரியவர் கையில்தான். நீளமான நூலைச் சிறியவர்களிடம் கொடுக்கவில்லை, கழுத்தில் சுற்றிக்கொள்வார்கள். பாசி, பொத்தான், ஒட்டும் கண் எதுவும் மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பக்கமே போகவில்லை.

நூல் வேலையில் இன்னொரு வசதி உண்டு. பார்த்துக்கொள்ளும் பெரியவரும் நோன்பாளிதானே. நாளெல்லாம் தண்ணீர் குடிக்காதவரைக் கண்ணாமூச்சி ஆடச் சொல்வது கொடுமை. அதனால் ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, நோன்பாளி உட்கார்ந்த இடத்திலிருந்தே இதை நடத்த முடியுமா என்பதுதான்.

ஓடியே ஆக வேண்டிய பிள்ளைகளுக்கு நிழல். அஸர் நேரமே நிழலை வைத்துத்தான் தொடங்குகிறது. நண்பகல் நிழல் போக, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமாகும்போது அஸர். ஹனஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) இரண்டு மடங்காகும்போது. இதைப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லாமல், முற்றத்தில் ஒரு புள்ளி வைத்து, அதில் ஒவ்வொருவராக நிற்கச் சொல்லி, தலை நிழல் விழும் இடத்தைச் சாக்பீஸால் குறித்தோம். பத்து நிமிடம் கழித்து மறுபடி. சூரியன் 45 பாகை உயரத்தில் இருந்தால் நிழல் நம் உயரம்தான். 15 பாகைக்கு இறங்கினால் ஏறக்குறைய நான்கு மடங்கு, 7 பாகையில் எட்டு மடங்கு. கணக்குப் புரியாத வயது, ஆனால் அவர்கள் அடைந்த ஆச்சரியத்தை நான் பார்த்தேன். "என் தலை சுவர்ல ஏறிடுச்சு!" என்று ஒருவன் கத்தியபோது, துஆவில் இருந்த இரண்டு பெரியவர்கள் எழுந்து வந்து தங்கள் நிழலையும் அளந்துகொண்டார்கள். மார்ச் 20, இரவும் பகலும் ஏறக்குறையச் சமமாகும் நாள், இந்த ரமலானுக்குள் வந்தது. அன்று சூரியன் நேர் மேற்கில் மறைந்தது, கடைசி நிழல் நேர் கிழக்கைக் காட்டியது. எங்கள் சாக்பீஸ் கோடு மழை வரும்வரை அப்படியே இருந்தது.

கடைசி இருபது நிமிடம் வேலை நேரம். விளையாட்டு என்று சொன்னால் கலைந்துவிடும் பிள்ளை, வேலை என்றால் நிமிர்ந்து நிற்கிறது. மூத்தவர்கள் பேரீச்சம்பழத்தைப் பிளந்து கொட்டை எடுத்தார்கள். சிறியவர்கள் தட்டுக்கு மூன்று என்று எண்ணி வைத்தார்கள். மூன்று வயதுக்காரர் ஒருவருக்கு எண் இரண்டோடு நின்றுவிட்டதால் சில தட்டுகளில் இரண்டு, சிலவற்றில் ஏழு இருந்தன. யாரும் முறையிடவில்லை. தண்ணீர் ஊற்றும் வேலைக்கு அரை நிரம்பிய சின்னக் குவளைகள், கீழே ஒரு துணி. ஒருவரை பாங்குக் காவலராக நியமித்தோம்: வாசலில் பெரியவர் பக்கத்தில் நின்று காதைக் கூர்மையாக்கி, தொழுகை அழைப்பின் சத்தம் கேட்டதும் உள்ளே வந்து சொல்ல வேண்டும். இந்தப் பதவிக்குச் சங்கத் தலைவர் பதவியைவிடப் போட்டி அதிகம்.

பாங்குக்கு முந்தைய ஐந்து நிமிடம் பிள்ளைகள் அவரவர் பெற்றோர் மடிக்குப் போய்விடுவார்கள். யாரும் 'உஸ்' என்று அதட்டுவதில்லை. நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே தொழுததையும், குழந்தையின் அழுகுரல் கேட்டால் தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கியதையும் புகாரி பதிவு செய்திருக்கிறது. அந்த வழியில் வந்தவர்கள் ஒரு மழலைச் சத்தத்துக்கு முகம் சுளிக்க வேண்டியதில்லை என்பது என் சொந்தக் கருத்து. செயற்குழு இதைக் குறிப்பில் ஏற்றவில்லை.

தவறுகளையும் சொல்ல வேண்டும். காகித விளக்கு செய்த நாளில் உள்ளே வைக்கச் சின்ன மின்விளக்குகள் வாங்கினோம். அவற்றில் பட்டன் பேட்டரி இருந்ததை நான் யோசிக்கவே இல்லை. மூடி கழன்ற ஒரு விளக்கின் பேட்டரியை ஒரு குழந்தையின் மூடிய கைக்குள் கண்டெடுத்தோம். வாயில் போயிருந்தால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே பொசுக்கியிருக்கும். அல்ஹம்துலில்லாஹ், கைக்குள்தான் இருந்தது. விளக்குகள் அன்றே அப்புறப்படுத்தப்பட்டன, பொறுப்பு என்னுடையது.

இரண்டாவது தவறு, நோன்புப் பட்டியல். எந்தப் பிள்ளை எத்தனை நோன்பு வைத்தது என்று சுவரில் நட்சத்திரம் ஒட்டினோம். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அரை நோன்புக்கு முழு நட்சத்திரம் கேட்டு, பிறகு உண்மையைச் சொல்லி அழுதாள். பொய் சொல்ல வைத்தது எங்கள் பட்டியல். கழற்றிவிட்டோம். திரும்ப மாட்டச் சொல்லி இரண்டு மனுக்கள் வந்துள்ளன, இரண்டும் பெரியவர்களிடமிருந்து.

போன் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தடை போடவில்லை. ஆனால் படம் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடமிருந்து பாங்கு நேரத்தில் போனை வாங்குவது தனிப் போர். நூலும் சாக்பீஸும் தானாகவே முடிந்துவிடுகின்றன, போன் முடிவதில்லை.

ஒரு குறை. பிள்ளைகள் மூலையைப் பார்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் தாய்மார்களே. அவர்களே அடுப்படியிலும் நின்றார்கள். தந்தையருக்கு முறைப்பட்டியல் போட்டேன். முதல் வாரம் வந்த கையொப்பங்கள் மூன்றாம் வாரத்தில் காணோம்.

அடுத்த ரமலான், பிறையைப் பொறுத்து, 2026 பிப்ரவரி 18 அல்லது 19 வாக்கில் தொடங்கும். அதற்கு முன் பொதுக்குழுவின் முடிவுக்காக மூன்று கோரிக்கைகள். பிள்ளைகளின் மாலை உணவுக்கு நோன்பு திறப்புச் செலவிலிருந்து தனியாக ஒரு தொகை ஒதுக்க வேண்டும். தந்தையர் முறைப்பட்டியலைத் தலைவரே கையொப்பமிட்டு வெளியிட வேண்டும், என் பேச்சுக்கு மதிப்பில்லை. முற்றத்தில் நிழல் விழும் பக்கத்தில் நிறுத்தப்படும் வாகனங்களை அஸருக்குப் பிறகு எடுத்துவிட வேண்டும்.

மூலையில் மிஞ்சிய நூலும் அட்டைகளும் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. சாவி பொருளாளரிடம். அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்