செடியோடு ஒரு சீட்டும் கொடுங்கள்: மீன் தொட்டிச் செடி விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்களிடம் செடி வாங்கிப் போகிறவர்களில் பலர், ஒரே மாதத்தில் அது அழுகிப்போனதும் "நமக்குக் கைராசி இல்லை" என்று பிளாஸ்டிக் செடிக்கு மாறிவிடுகிறார்கள். கைராசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கல்லாவில் சொல்லியிருக்க வேண்டிய இரண்டு வாக்கியத்தை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். விற்கும் ஒவ்வொரு செடியோடும் உள்ளங்கை அளவில் ஒரு சீட்டு கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதல் சீட்டு அனுபியாஸுக்கு. அதன் தடித்த தண்டு இஞ்சித் துண்டு போலப் படுத்தபடி வளரும். மேலே இலை, கீழே வேர். வேர் சரளைக்குள் போகலாம், தண்டு போகக் கூடாது. புதைத்தால் தண்டு பழுப்பாகி, விரலால் அழுத்தினால் கூழாக அமுங்கும். அப்போதும் இலைகள் பச்சையாகவே இருப்பதால் வாங்கியவருக்கு எதுவும் தெரியாது. ஒருநாள் இலைகள் காம்போடு கழன்று மிதக்கும்போதுதான் தெரியும். அழுகிய பகுதியை நறுக்கி எறிந்துவிட்டு, மூன்று நான்கு இலையோடு கெட்டியான துண்டு மிஞ்சினால் அதைக் காப்பாற்றிவிடலாம். ஜாவா ஃபெர்னுக்கும் இதே விதிதான். இரண்டையும் கல்லிலோ மரக்கட்டையிலோ பருத்தி நூலால் கட்டலாம். அல்லது ஒட்டுமிடத்தைத் துணியால் ஒற்றிவிட்டு, மிளகளவு சயனோஅக்ரிலேட் (சூப்பர் குளூ வகை) ஜெல் பசை வைத்து அழுத்தலாம். தண்ணீர் பட்டதும் பசை வெளுக்கும், மீனுக்குக் கெடுதல் இல்லை. நீங்களே அனுபியாஸைச் சரளைக்குள் கழுத்தளவு செருகி வைத்து விற்றால், வாங்குகிறவர் வேறு எப்படி நடுவார்?

ஜாவா ஃபெர்ன் சீட்டில் இன்னொரு வரியும் வேண்டும்: முதிர்ந்த இலையின் அடியில் வரிசையாக வரும் பழுப்புப் புள்ளிகள் நோயல்ல, வித்துகள். அதே இலைகளில் குட்டிச் செடிகளும் முளைக்கும். நோயென்று நினைத்து நல்ல இலைகளை வெட்டி எறிகிறவர்கள் நிறைய.

அடுத்தது கிரிப்டோகோரைன். இலங்கையின் ஓடைகளைச் சொந்த ஊராகக் கொண்ட வென்டி வகைதான் சிறு தொட்டிக்குச் சுலபமானது. ஆனால் இடம் மாற்றினாலே கோபித்துக்கொள்ளும் செடி. நட்ட ஒரு வாரத்தில் இலைகள் கண்ணாடி போல ஊடு தெரிந்து கரைந்துவிடும். செத்தது என்று பிடுங்கினால் மட்டும்தான் அது உண்மையில் சாகும். கரைந்த இலைகளை மட்டும் எடுத்துவிட்டு வேரைத் தொடாமல் விட்டால், சில வாரங்களில் புது இலை எழும்பும். பல செடிகளைப் பண்ணைகளில் தண்ணீருக்கு மேலே, ஈரக் காற்றில் வளர்க்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். காற்றில் வளர்ந்த இலை நீருக்குள் நிலைக்காது. பழையது உதிர்ந்து, மெல்லிய நீர் இலை புதிதாக வரும். இதை முன்கூட்டியே சொன்னால் சண்டைக்கு வர யாருக்கும் காரணம் இருக்காது.

ஆனால் லக்கி பாம்பூ, மாண்டோ புல், சிங்கோனியம், ஸ்பாத்திஃபில்லம் எல்லாம் நீர்ச்செடி என்று தொட்டிக்குள் போவதற்குச் சமாதானம் கிடையாது. இவை தரைச் செடிகள். முழுக்க மூழ்கினால் சில வாரங்களோ மாதங்களோ பச்சை காட்டிவிட்டு மெல்ல அழுகும். சிறு தொட்டியில் அந்த அழுகல் அம்மோனியாவாகி மீனைத்தான் முதலில் தாக்கும். வேர் மட்டும் நீரில், இலை வெளியே என்று வைக்கத் தோதானவற்றை அப்படிச் சொல்லியே விற்கலாமே.

விளக்கு விஷயத்தில் பிரச்சினை தலைகீழ். செடி வளரவில்லை என்று வருகிறவருக்குப் பெரிய விளக்கைக் கொடுத்து அனுப்புகிறீர்கள். 45 × 30 × 30 செ.மீ. தொட்டி ஏறக்குறைய 40 லிட்டர் பிடிக்கும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் மூன்றுக்கும் அதில் 600 முதல் 800 லூமென் (விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு) போதும். முதல் மாதம் நாளுக்கு 6 மணி நேரம், பிறகு 8 வரை. டைமர் ஒன்று விற்றுவிடுங்கள், அதுதான் உண்மையில் உதவும். வெளிச்சம் மிஞ்சினால், மெதுவாக வளரும் அனுபியாஸ் இலைமேல்தான் பச்சைப் புள்ளிப் பாசி முதலில் குடியேறும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இந்தச் செடிகளுக்குத் தேவையே இல்லை. திரவக் கார்பன் என்று விற்கும் புட்டிகள் பலவற்றில் இருப்பது குளூட்டரால்டிஹைடு. அதை ஊற்றினால் நாடா போன்ற இலை கொண்ட வாலிஸ்னேரியா செடி கரைந்துபோகக்கூடும் என்று புட்டியைக் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும்.

சரளை 2–3 மி.மீ. பருமனில், 5 செ.மீ. ஆழத்துக்கு இருக்கட்டும். பளிங்குத் துண்டும் பவளத் துண்டும் கரைந்து நீரின் கடினத்தன்மையை ஏற்றும், அலங்காரத்துக்கு என்று அவற்றைத் தள்ளிவிடாதீர்கள். கிரிப்டோகோரைனுக்கு வேரோரம் உர மாத்திரை, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று. அனுபியாஸுக்கும் ஜாவா ஃபெர்னுக்கும் அது வீண், அவை நீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுவது எல்லாவற்றுக்கும் பொது.

கட்டாக விற்கும் தண்டுச் செடிகளின் ஈயப் பட்டையைக் கழற்றிவிட்டு, கீழ் இலைகளைக் கிள்ளி, ஒவ்வொரு தண்டாக 2–3 செ.மீ. இடைவெளியில் நடச் சொல்லுங்கள். கட்டோடு செருகினால் நடுத்தண்டுகளுக்கு வெளிச்சமும் நீரோட்டமும் போகாமல் அடி அழுகி, மொத்தமாக மேலே மிதந்து வரும்.

இறால் வைத்திருக்கிறாரா என்று வாங்குகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பண்ணையில் பூச்சிமருந்து அடித்த செடி மீனை ஒன்றும் செய்யாமல் இறாலை மட்டும் ஒரே இரவில் கொன்றுவிடும். தனி வாளியில் ஒரு வாரம் போட்டு, தினமும் தண்ணீரை மாற்றிய பிறகு தொட்டியில் இறக்குவது நல்லது. மருந்து அடித்ததா என்று உங்களுக்கே தெரியாவிட்டால், சீட்டில் அப்படியே எழுதிவிடுங்கள்.

சீட்டின் பின்பக்கத்துக்கு ஒரு வரி: வெட்டிய துண்டுகளைக் காயவைத்துக் குப்பையில் போடவும், குளத்திலோ வாய்க்காலிலோ வீச வேண்டாம். ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி 1950களில் ஃபுளோரிடாவுக்குள் நுழைந்தது மீன் தொட்டி வணிகத்தின் வழியாகத்தான். அங்கே இன்னும் அதை அள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
சிறு தொட்டிகளில் செடி வளர்ப்போர்