குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். குடிநீர், தெருவிளக்கு, பூங்கா வேலைகள் பற்றித் தனித்தாள் கொடுத்திருக்கிறோம், வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேசப்போவது முழுக்க நம் நகரை ஒட்டிப் போகும் மாநில நெடுஞ்சாலையைப் பற்றித்தான். செயற்குழுவின் நேரத்தில் பெரும்பகுதி அதற்கே போனது, போகவும் வேண்டியிருந்தது.

2022-இல் சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ பலத்த காயமோ ஏற்பட்ட விபத்து ஐந்து நடந்தால், அல்லது பத்துப் பேர் இறந்தால்தான் அந்த இடத்தை 'பிளாக் ஸ்பாட்' என்று குறிக்கிறார்கள். எங்கே முதலில் பணம் போடுவது என்று முடிவு செய்ய அப்படி ஒரு கணக்கு தேவைதான். ஆனால் நம்முடையது மாநில நெடுஞ்சாலை, அதே கணக்கை வைத்துப் பார்த்தாலும் நம் பள்ளிக்கூட முக்கு அதற்குள் இன்னும் வரவில்லை, வரவே கூடாது. உயிர் போவதற்கு முன்பே ரோட்டைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பதற்குச் சாலைப் பாதுகாப்புத் தணிக்கை என்று பெயர், சாலை அமைப்பதற்கான விதிமுறைகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு அதற்கென்றே ஒரு கையேடும் வெளியிட்டிருக்கிறது. முறையான தணிக்கை பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டியது. நாம் செய்தது, ஓய்வுபெற்ற பொறியாளரான நம் உறுப்பினர் ஒருவர் முன்னால் போக, டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் நடந்து பார்த்ததுதான்.

இரவில் நடந்தது ரொம்ப முக்கியம். பகலில் பளிச்சென்று இருந்த நடுக்கோடு ராத்திரி ஹெட்லைட்டில் சுத்தமாகத் தெரியவில்லை. 'பள்ளி உள்ளது' பலகையைக் கருவேல மரம் மறைத்திருந்தது, இருபது மீட்டர் நெருங்கினால்தான் தெரிந்தது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும், அப்படியானால் டிரைவருக்குக் கிடைப்பது ஒரு விநாடியும் கொஞ்சமும்தான், அதற்குள் என்ன செய்வார்? அப்புறம், தார் மேல் தார் போட்டுப் போட்டு ரோட்டோரத்தில் அரை அடி இறக்கம் விழுந்துவிட்டது. பஸ்ஸுக்கு வழிவிட ஒதுங்குகிற டூவீலர் சறுக்கி விழுவது அங்கேதான்.

வேகத்தடை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிறையப் பேர் கேட்டது "நாலு ஸ்பீடு பிரேக்கர் போடச் சொல்லுங்க" என்பதுதான். விதிப்படி வண்டிகள் 25 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டுகிற வேகத்தடை வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும், முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும் மேலே வெள்ளைப் பட்டையும் வேண்டும். ஏற்கெனவே முக்கில் இருப்பதை அளந்தோம், ஒரு மீட்டர் அகலம்கூட இல்லை, பெயின்ட்டும் கிடையாது. கைக்குழந்தையோடு பின்னால் உட்கார்ந்து வரும் பெண்ணை அது தூக்கிப் போடும். ஆளுக்கொரு இடத்தில் இப்படி மேடு கட்டச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முறையான ஒன்று பள்ளிக்கு முன்னால் போதும்.

கண்டதையெல்லாம் படத்தோடு, இடத்தின் தூரத்தோடு மனுவாகக் கொடுத்தோம். மரம் வெட்டப்பட்டது, கோடு புதிதாகப் போட்டார்கள், வந்து பார்த்த அதிகாரிகளுக்கு நன்றி. ரோட்டோர இறக்கத்துக்கு இன்னும் மண் அடிக்கவில்லை, வேகத்தடை மனுவுக்குப் பதிலே இல்லை.

விபத்தைப் பார்த்தால் ஒதுங்கிப் போகாதீர்கள். நல்லெண்ணத்தோடு உதவி செய்பவரை வழக்கிலிருந்து காக்க 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவு வந்துவிட்டது, அவரைப் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2020-இல் விதியும் வந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும்தான்.

காயமில்லாமல் தப்பித்த சம்பவங்கள் போலீஸ் கணக்கில் வராது. அதனால் முக்கு டீக்கடையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். சறுக்கல், உரசல், எதுவானாலும் தேதி, நேரம், இடம் எழுதுங்கள். அந்த நோட்டின் நகலோடு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு மனு கொடுக்க இன்று தீர்மானம் கொண்டுவருகிறேன், கையெழுத்துத் தாள் வாசலில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்