வாய்க்கால் பிரிவுகளில் ஊர்ப்பெயர்ப் பலகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாபநாசம் வட்டத்தில் ஒரு கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் 26 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். என் கணவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். பிப்ரவரி முதல் வாரத்துச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தஞ்சாவூரிலிருந்து நடந்த மோட்டார் சைக்கிள் வழிகாணும் ராலியில் நாங்கள் இருவரும் கலந்துகொண்டோம். பத்தாண்டுக்கு மேல் ஓடிய எங்கள் ஸ்பிளெண்டரில் அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து வழி சொன்னேன். அந்த இரண்டு நாளில் கண்டதைத் தங்கள் நாளிதழ் வழியாக அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ராலி என்றதும் பந்தயம் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் ஊரிலேயே, "இந்த வயதில் என்ன வேகம்?" என்று கேட்டார்கள். இதில் வேகத்துக்குப் பரிசு கிடையாது. இத்தனை தூரத்தை இத்தனை நிமிடத்தில் கடக்க வேண்டும் என்று கொடுத்துவிடுவார்கள். எங்கே எத்தனை மணிக்கு வந்தோம் என்று வழியில் சோதனைச் சாவடி போட்டுக் குறித்துக்கொள்வார்கள். ஒரு நிமிடம் தாமதித்தால் ஒரு புள்ளி அபராதம். ஒரு நிமிடம் முந்தி வந்தால் இரண்டு புள்ளி. கைப்பேசியில் வரைபடம் பார்க்கக் கூடாது. கையில் இருப்பது ஒரு வழிப் புத்தகம் மட்டும். அதில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சிறு படம்: குண்டு இருக்கும் பக்கம் நாம் வரும் வழி, அம்பு காட்டுவது போக வேண்டிய வழி. நெதர்லாந்தில் 1949-ல் தொடங்கிய டியூலிப் ராலியிலிருந்து வந்த முறை இது. அதனால் அந்தப் படத்துக்கே டியூலிப் என்று பெயர்.

கணக்கு எனக்குப் பிடித்த வேலை. மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 100 விநாடி. 14.4 கிலோமீட்டருக்கு 24 நிமிடம். தொடங்கும் இடத்தில் 10 கிலோமீட்டர் அளந்து வைத்திருந்தார்கள். எங்கள் மீட்டர் அதை 10.3 என்று காட்டியது. ஆகவே புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு தூரத்தையும் அதற்குத் தக்கபடி கூட்டி, பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். "எவ்வளவு இருக்கிறது, சொல்" என்று அவர் கேட்டுக்கொண்டே ஓட்டுவார். "இன்னும் நானூறு மீட்டர், இடது பக்கம் திரும்புங்கள்" என்பேன். திருமணமாகி 23 ஆண்டுகளில் இவ்வளவு நேரம் நாங்கள் ஒரே காரியத்தைப் பற்றிப் பேசியதில்லை.

சனிக்கிழமை தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வரை வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளையும் வரிசையாகத் தாண்டினோம். மேட்டூரைச் சனவரிக் கடைசியில் மூடிவிட்டதால் தண்ணீர் இறங்கி மணல் தெரிந்தது. ஆற்றின் பெயரைப் பாலத்தில் எழுதியிருந்ததால் புத்தகமும் சாலையும் சரியாகப் பொருந்தின. பிறகு கண்டியூருக்குத் திரும்பி, மேற்கே மேலத்திருப்பூந்துருத்தி, நடுக்காவேரி வழியாகத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் போனோம். அங்கேதான் தவறினோம்.

'கிலோமீட்டர் கல் தாண்டி மதகு, இடது' என்று புத்தகத்தில் இருந்தது. கல்லைக் காணோம். மதகுகள் மட்டும் அடுத்தடுத்து மூன்று வந்தன. முதல் மதகில் திரும்பியிருக்க வேண்டும். நாங்கள் மூன்றாவதில் திரும்பி ஒன்றரைக் கிலோமீட்டர் போன பிறகு, சாலையில் நெல் துழாவிக்கொண்டிருந்த ஓர் அம்மாதான் எங்களைத் திருப்பி அனுப்பினார். வரும் வழியில் கல்லைக் கண்டுபிடித்தேன். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்து, கல்லின் தலை மட்டும் நாலு விரல் அளவுக்கு வெளியே இருந்தது. எண் மண்ணுக்குள் போய்விட்டது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலர் உத்தரவிட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். வீடுகள் பள்ளத்துக்குப் போவதைத் தடுக்க வந்த உத்தரவு அது. கல்லும் அதே பள்ளத்தில்தான் கிடக்கிறது.

அதற்கு அடுத்த பிரிவில் பெயர்ப்பலகை இருந்தது. அதன் மேல் ஒரு காதணி விழாவுக்கான பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். விழா முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது, தேதியைப் பார்த்தேன். ஒரு மூலையைத் தூக்கித்தான் ஊர்ப்பெயரைப் படித்தோம். கல்லணைச் சோதனைச் சாவடிக்கு எட்டு நிமிடம் தாமதமாகச் சேர்ந்தோம். அந்த எட்டுப் புள்ளியைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. எனக்கு வேறொரு இரவு நினைவுக்கு வந்துவிட்டது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஐப்பசி மழையில், எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்கு மார்வலி வந்தது. ஆம்புலன்சுக்குச் சொன்னோம். ஓட்டுநர் வெளியூர்க்காரர். வாய்க்கால் கரை வரை வந்துவிட்டார். அங்கிருந்து, "மதகு தாண்டி இடது" என்று நானே தொலைபேசியில் சொன்னேன். எந்த மதகு என்று அவர் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்களுக்கு அது 'பெரிய மதகு'. அவருக்கு இருட்டில் எல்லாம் ஒன்றுதான். மின்சாரமும் இல்லை. கடைசியில் என் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய், எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்த ஆம்புலன்சை மறித்துக் கூட்டி வந்தார். இருபது நிமிடம் போய்விட்டது. பெரியவர் பிழைத்துக்கொண்டார். இப்போதும் திண்ணையில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருப்பார், ஓய்வூதியப் பணத்துக்காக.

1972-ல் வந்த ஆறிலக்க அஞ்சல் குறியீடு கடிதத்தை எங்கள் அலுவலகம் வரை கொண்டுவந்து சேர்த்துவிடும். அதற்கு மேல் மேலத்தெரு எது, படுகை எது, வாய்க்காலுக்கு அக்கரையில் உள்ள அதே பெயர்க் குடியிருப்பு எது என்பதெல்லாம் என்னைப் போன்றவர்களின் தலைக்குள் இருக்கிறது. நான் விடுப்பில் போனால் பதிலுக்கு வருகிறவர் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். அறுவடை இயந்திரம் கொண்டுவரும் வெளி மாவட்ட ஓட்டுநர், கொள்முதல் நிலையத்துக்கு வரும் லாரிக்காரர், பிரசவத்துக்குப் பெண்ணை ஏற்றப் போகும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எல்லோரும் அந்தப் பதில் ஆளைப் போலத்தான் இங்கே வருகிறார்கள். கைப்பேசி வரைபடம் போதாதா என்று சிலர் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் அது டிராக்டர் மட்டுமே போகும் களத்து மேட்டு வழியையும் சாலை என்று காட்டுகிறது. மழை இரவில் சிக்னலும் நிற்பதில்லை.

அன்று இரவு வீடு திரும்பி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, மறுநாள் தூரங்களைத் திருத்தி எழுத மணி பதினொன்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அம்மாப்பேட்டை, கோவில்வெண்ணி வழியாக நீடாமங்கலம். கரிகாலன் பகைவரை வென்ற வெண்ணிப் போர்க்களம் அந்தக் கோவில்வெண்ணிதான் என்பார்கள். முதல் நாள் அவன் பெயரோடு சேர்த்துச் சொல்லும் கல்லணையையும் மறுநாள் வெண்ணியையும் ஒரே பயணத்தில் பார்த்தது எனக்கு நிறைவாக இருந்தது. தேசிய நெடுஞ்சாலையில் மஞ்சள் தலைக் கல் ஒவ்வொன்றும் ஒழுங்காக நிற்கிறது, படிக்க முடிகிறது. அதிலிருந்து அரைக் கிலோமீட்டர் உள்ளே திரும்பியதும் ஒன்றும் இல்லை. நீடாமங்கலம் அருகே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று நீர் பிரியும் மூணாறு தலைப்பில் எந்த ஆறு எது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்கு வழி எழுதியிருக்கிறது. அந்த ஆறுகளிலிருந்து பிரியும் வாய்க்கால்களின் கரையில் குடியிருக்கும் மனிதர்களுக்கு எழுதவில்லை.

சாலையில் நெல் காயப்போட்டவர்களை ராலிக்கு வந்தவர்கள் சிலர் குறை சொன்னார்கள். நான் சொல்ல மாட்டேன். ஈரப்பதம் கூடினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், ஊருக்குப் போதுமான உலர்களமும் இல்லை. அது தனிக் கடிதமாக எழுத வேண்டிய விஷயம்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. வாய்க்கால் பிரியும் ஒவ்வோர் இடத்திலும் ஊர்ப்பெயரும் தூரமும் அம்புக்குறியும் உள்ள பலகை, இரவில் வண்டி விளக்குப் பட்டால் மின்னும்படி. மதகு ஒவ்வொன்றின் கைப்பிடிச் சுவரிலும் வாய்க்காலின் பெயரும் ஓர் எண்ணும் பெயின்டால் எழுதட்டும். 'நான்காம் எண் மதகு' என்று சொன்னால் ஆம்புலன்ஸ்காரருக்குப் புரியும். தார் போடும் ஒப்பந்தத்திலேயே கல்லை உயர்த்தி நடும் வேலையையும் சேர்க்க வேண்டும். சாலை ஒரு துறை, கரை ஒரு துறை, உட்சாலை ஊராட்சி ஒன்றியம் என்று தள்ளிப்போடாமல் மூவரும் ஒரு நாள் ஒரே வண்டியில் போய்ப் பார்த்தால் போதும். விழா வைப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பலகையை விட்டுவிட்டு வேறு கம்பத்தில் கட்டுங்கள்.

இரண்டு நாளில் எண் மறைந்த கல், மூடப்பட்ட பலகை, திசை திரும்பி நிற்கும் பலகை என்று 14 இடங்களை வழிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் மீட்டர் கணக்கோடு குறித்திருக்கிறேன். அதன் நகலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். தங்களுக்கும் ஒன்று இத்துடன் வைத்துள்ளேன். பக்கத்தில் இடமிருந்தால் பட்டியலையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.