பாப்பாவுக்கு எந்தப் படம் காட்டலாம் என்று கேட்டாயே

அன்புள்ள மீனா,

பாப்பாவுக்கு லீவு விட்டாயிற்று, எந்நேரமும் மொபைலிலேயே கிடக்கிறாள், உருப்படியாக ஒரு படம் சொல்லுங்கப்பா என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ முதல் இரண்டு வரியோடு நிறுத்திவிடுவாய், அதனால் கடிதமாகவே எழுதுகிறேன்.

நான் சொல்ல நினைத்தது 'லா பெல் ஏ லா பெத்'. பெயரைப் பார்த்துப் பயப்படாதே, உனக்குத் தெரிந்த 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' கதைதான். ஆனால் 1991-இல் வந்த டிஸ்னி கார்ட்டூன் இல்லை. அதற்கு 45 வருடம் முன்னால், 1946-இல், ழான் கோக்தோ என்ற பிரெஞ்சுக் கவிஞர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பாட்டு இல்லை, பேசும் தேநீர்க் கோப்பை இல்லை. ஒன்றரை மணி நேரம்தான்.

கதை 18ஆம் நூற்றாண்டுக் கதை. திருமதி லெப்ரேன்ஸ் த போமோன் 1756-இல் சிறுவர்களுக்காகச் சுருக்கி எழுதியது. நொடித்துப்போன வியாபாரி காட்டில் வழி தவறி ஒரு கோட்டைக்குப் போகிறான். கடைசி மகள் பெல் கேட்டாள் என்பதற்காக அங்கே ஒரு ரோஜாவைப் பறிக்கிறான். உடனே மிருகம் வந்து நிற்கிறது: உயிரைக் கொடு, இல்லையென்றால் மகள்களில் ஒருத்தியை அனுப்பு. மற்றது பாப்பாவுக்கே தெரிந்திருக்கும்.

படம் எடுத்த காலத்தை நீ நினைத்துப் பார்க்க வேண்டும். 1945 ஆகஸ்டில் படப்பிடிப்பு தொடங்குகிறது. ஜெர்மன்காரர்கள் பாரிஸை விட்டுப் போய் ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஊரில் எதுவும் கிடைக்காது. பிலிம் சுருள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ரகமாக வரும். திடீர் திடீரென்று கரண்ட் போகும். பெல்லின் வீட்டு முற்றத்தில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் காயும் காட்சி ஒன்று உண்டு. ஒட்டுப் போடாத விரிப்பு நாலைந்து சேர்ப்பதே பெரும்பாடாக இருந்திருக்கிறது. போதாததற்கு கோக்தோவுக்குத் தோல் நோய். முகமெல்லாம் வீங்கி, நடுவில் பாரிஸில் ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டி வந்தது. தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கச் சகிக்காத நிலையில் ஒரு மனிதர், முகத்தால் சபிக்கப்பட்டவனின் கதையை எடுத்துக்கொண்டிருந்தார். இதையெல்லாம் அவரே நாட்குறிப்பாக எழுதிப் புத்தகமாகவும் போட்டார்.

இவ்வளவு இல்லாமைக்குள் மாயத்தை எங்கிருந்து கொண்டுவருவது? வியாபாரி கோட்டைக்குள் நுழையும் காட்சியைப் பார், புரிந்துவிடும். இருட்டு நடைபாதை. இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் மனிதக் கைகள் நீண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைப் பிடித்திருக்கின்றன. அவன் நடக்க நடக்க ஒவ்வொரு வர்த்தியாகத் தானே எரிகிறது. சாப்பாட்டு மேசையில் இன்னொரு கை கோப்பையில் ஊற்றுகிறது. கணப்படுப்பின் ஓரத்தில் செதுக்கியிருக்கும் முகங்கள் கண்ணைத் திருப்பி அவனைப் பார்க்கின்றன, மூக்கிலிருந்து புகை விடுகின்றன. சுவரிலுள்ள ஓட்டைக்குப் பின்னால் ஆள் நின்று கையை நீட்டியிருக்கிறான் என்பது பார்த்தாலே தெரிகிறது. வர்த்தியை ஊதி அணைத்துப் படம் பிடித்து, பிலிமைப் பின்னோக்கி ஓட்டினால் அது எரிய ஆரம்பிக்கும், அவ்வளவுதான். பெல் கோட்டைக்குள் கால் அசையாமல் மிதந்து போவாள், சக்கரம் வைத்த பலகையில் நிறுத்தி இழுத்திருக்கிறார்கள். எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்த பிறகும் எனக்கு முதுகு சில்லிடுகிறது. இப்போது கணினியில் செய்கிற மாயத்தில் எனக்கு அது நடப்பதில்லை. வயசானவன் புலம்புகிறேன் என்று நீ சொல்வாய். சரி, சொல்லிக்கொள். ஆனால் அந்தக் கைகளில் நரம்பு தெரிகிறது மீனா, லேசாக நடுங்குகிறது. அது ஓர் ஆளின் கை. பாவம், எவ்வளவு நேரம் தூக்கிப் பிடித்து நின்றானோ!

ஒளிப்பதிவு ஆன்ரி அலெகான். வீட்டுக் காட்சிகள் பழைய டச்சு ஓவியங்கள் மாதிரி தெளிவாக இருக்கும், கோட்டைக் காட்சிகள் குஸ்தாவ் தோரே என்ற பிரெஞ்சு ஓவியரின் படங்கள் மாதிரி இருண்டிருக்கும். கோட்டையின் வெளிப்புறத்துக்கு பாரிஸுக்கு வடக்கே ரரே என்ற இடத்து மாளிகையைப் பயன்படுத்தினார்கள். அதன் மதில் மேல் வரிசையாக இருக்கும் வேட்டைநாய்ச் சிலைகளைப் பாப்பாவுக்குக் காட்டு.

இப்போது மிருகத்துக்கு வருகிறேன். நடித்தவர் ழான் மரே. பெல்லைச் சுற்றிவரும் ஆவெனான் என்ற உள்ளூர்ப் பையனும் அவர்தான், கடைசியில் வரும் இளவரசனும் அவர்தான். ஆவெனான் மூலக்கதையில் கிடையாது, கோக்தோ சேர்த்தது. டிஸ்னி படத்தில் பெல்லைத் துரத்தும் கேஸ்டனுக்கு இவன்தான் முன்னோடி. மிருகத்துக்குக் கலைமான் தலை வைக்கலாம் என்பது மரேயின் யோசனையாம். உடை, அரங்கம் எல்லாம் பார்த்துக்கொண்ட கிறிஸ்தியான் பெரார் ஒத்துக்கொள்ளவில்லை. தழை தின்கிற பிராணிக்கு யார் பயப்படுவார்கள்? கடைசியில் முகத்துக்கும் இரண்டு கைகளுக்கும் முடி ஒட்டி முடிக்கத் தினமும் ஐந்து மணி நேரம் ஆனது. அத்தனை முடிக்கும் நடுவே கண் மட்டும்தான் மரேயுடையது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவர் செய்வதைப் பார்.

ஓர் இடத்தில் இருவரும் தோட்டத்தில் நடந்துகொண்டிருப்பார்கள். அருகில் மான் ஓடுகிறது. மிருகத்தின் காதுகள் விறைக்கின்றன, அவள் பேசுவது எதுவும் அதன் காதில் விழவில்லை. இன்னோர் இரவு, வேட்டையாடிய கைகளிலிருந்து புகை வர, சட்டையெல்லாம் ரத்தத்தோடு அவள் கதவருகில் வந்து நிற்கிறது. பாப்பா பயப்படுவாள் என்றால் இங்கேதான். ஆனால் பெல் அலறவில்லை. வெட்கமாக இல்லையா, போய்ச் சுத்தம் செய்துகொண்டு தூங்கு என்று அதட்டுகிறாள். நீ மாப்பிள்ளையை அதட்டுகிற அதே குரல். மிருகம் தலை குனிகிறது. தான் இன்னது என்று அதற்குத் தெரிகிறது, அது அவளுக்கும் தெரிகிறதே என்று கூசுகிறது. நான் பார்த்த காதல் படங்களில் ஆண் இப்படிக் கூசி நிற்பது அபூர்வம். அப்புறம் ஒரு நாள் அது அவள் உள்ளங்கையிலிருந்து தண்ணீர் குடிக்கும். அந்தக் காட்சியைப் பற்றி எழுத மாட்டேன், நீயே பார்.

கடைசிப் பத்து நிமிடம் எனக்குப் பிடிக்காது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். சாபம் நீங்கி மரே சரிகையும் சுருள் முடியுமாகப் பளபளவென்று எழுந்து நிற்பார். சப்பென்று போய்விடும். ஆனால் கோக்தோ அதைத் தெரிந்தே செய்திருக்கிறார். மிருகத்தை எவ்வளவு மேலானதாக ஆக்க முடியுமோ அவ்வளவு ஆக்கி, அது இளவரசனாக மாறுவது பெல்லுக்கே அடியாக விழ வேண்டும் என்பது அவர் நோக்கம். அவர் எழுதியே வைத்திருக்கிறார். பெல்லாக நடித்த ஜோசெத் டேயின் முகத்தைக் கவனி. சந்தோஷமா என்று இளவரசன் கேட்டால், பழகிக்கொள்ள வேண்டும் என்கிறாள். கல்யாணமான பெண்ணுக்கு இந்தப் பதில் பாப்பாவைவிட நன்றாகப் புரியும்.

வசனம் பிரெஞ்சு, கீழே ஆங்கில எழுத்து ஓடும். பாப்பா அதைத் துரத்திப் படிக்க வேண்டாம். நீ பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வா. வசனம் குறைவுதான், மூச்சு வாங்க நேரம் இருக்கும். தொடக்கத்தில் கோக்தோ கரும்பலகையில் சாக்பீஸால் பெயர்களை எழுதுவார், பிறகு பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைப்பார்: ஒரு ரோஜாவைப் பறித்தால் குடும்பத்துக்கே கேடு வரும் என்று குழந்தைகள் நம்புகிறார்கள், அந்த வெகுளித்தனத்தில் கொஞ்சம் எனக்குத் தாருங்கள் என்று. அதைத் தள்ளி ஓட்டிவிடாதே. மாப்பிள்ளைக்குப் படம் ஓடும்போது போன் பார்க்கிற பழக்கம் உண்டு. அவரை அன்று கடைக்கு அனுப்பிவிடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்ப்பதானால் ஜன்னல் திரையை மூடிக்கொள், கோட்டை ரொம்ப இருட்டு, வெளிச்சத்தில் பாதி தெரியாது. அம்மா மாவடு போட்டிருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறோம்.

அன்புடன்
அப்பா